நாவூறுக்குப் பயந்து எழுதிய வணிகத் திட்டம்

பேசச் சொன்னால் எனக்குப் பயம். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து கால்மணி நேரம் கதைக்கும்படி எங்கள் கணக்காளர் அலுவலகத்தில் கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன். ஒலிவாங்கி வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது? வேலை செய்துவிட்டால் அதைவிடக் கஷ்டம். அதனால் எழுதித் தருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே வாசியுங்கள். கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நீங்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் போனவர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடன் கொடுப்பவரும் முதல் போடுபவரும் நம்பிக் கையொப்பம் வைக்கும்படி ஒரு வணிகத் திட்டத்தை எப்படி எழுதுவது என்று உங்களுக்குப் பாடமாகவே சொல்லித் தந்திருப்பார்கள். எந்தத் தலைப்புக்குப் பிறகு எந்தத் தலைப்பு வரவேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு வியாதியைப் பற்றி.

வருகிறவர்கள் தங்கள் தொழிலை ஊதிப் பெருப்பித்துச் சொல்வார்கள், நீங்கள்தான் காற்றை இறக்க வேண்டும் என்று உங்களை எச்சரித்திருப்பார்கள். சரியான எச்சரிக்கைதான். ஆனால் எங்கள் தமிழ் ஆட்கள் சிலருக்கு இருப்பது நேரெதிரான வியாதி. நல்லதை வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சொன்னால் நாவூறு பட்டுவிடும், கண்ணூறு மாதிரி வாயால் வருகிற தீங்கு அது. கடைக்குள் நிற்க இடமில்லாமல் சனம் நெரிந்தாலும் "ஏதோ போகுது" என்பார்கள். அந்த "ஏதோ போகுது" என்பதை அச்சடித்துக்கொண்டு போய் வங்கியில் நீட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீட்டியவன் நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓக்லாந்தில் பங்கு வாங்காதவன் மடையன் என்று பெயர் எடுத்த காலம். ஒருபக்கம் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. இன்னொருபக்கம் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். பழைய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்டன. நான் அதற்கு முன்பு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை என் வரிப் படிவத்தை நிரப்பி, மனுரேவாவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் "இது சரியா?" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்த பெண்மணி, "இவ்வளவு பயப்படுகிற ஆள்தான் எனக்கு வேணும்" என்று எனக்கு வேலை தந்துவிட்டார். அவர்தான் எங்கள் முதலாளியம்மா. பெயரை எழுதினால் கோபிப்பார். வெள்ளைக்காரி, என்னைவிட நாலு வயது இளையவர், சத்தமான ஆள். இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே "யூ"தான். ஆனாலும் அவர் என்னை விளித்ததெல்லாம் என் காதில் "நீர்" என்றே விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை புவனேஸ்வரி அக்காவும் கணவர் குலசிங்கம் அண்ணையும் வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். முதலாளியம்மா அலுவலாக வெலிங்டன் போயிருந்தார். வியாழன்தான் திரும்புவார்.

அக்கா தைக்கிறவர். சேலையோ சட்டையோ அல்ல, மாட்டுச் சட்டை. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தேன். இந்த ஊர்க் குளிரிலும் மழையிலும் கன்றுகளுக்கும் குதிரைகளுக்கும் படங்குத் துணியில், அதாவது கூடாரம் தைக்கிற தடித்த கித்தானில், சட்டை போட்டு, வயிற்றுக்குக் கீழால் பட்டி கட்டிவிடுவார்கள். ஓட்டாஹூஹுவில் அதைத் தைக்கிற தொழிற்சாலையில் அக்கா வேலை செய்தார். அதைப் பூட்டப்போகிறார்கள். படங்கைத் துளைக்கிற பாரமான தையல் மெஷின்களை ஹமில்டனிலிருந்து ஒரு வியாபாரி மொத்தமாக வாங்க வருகிறார். அக்காவின் கைவேலையில் தொழிற்சாலை முதலாளிக்கு ஒரு மதிப்பு இருந்தது. இரண்டு மெஷினை மட்டும் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிவரை பிடித்து வைக்கிறேன், அதற்குள் காசோடு வந்தால் உனக்கு என்று சொல்லியிருந்தார்.

"இது கிடைக்காட்டில் என்ன செய்வியள் அக்கா?" என்று கேட்டேன்.

"திரும்பவும் கோழிப் பக்டரிதான்."

அக்கா மரக்கறிக்காரி. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். இந்த ஊருக்கு வந்த புதிதில் கோழி வெட்டிப் பொதி செய்கிற இடத்தில் ஒன்பது கிழமை வேலை செய்திருக்கிறார்.

"வேலையால வந்து குளிப்பன் தம்பி. பேந்து சாமியறைக்குப் போகேக்க மணக்கும். திரும்பக் குளிப்பன். மூண்டு தரம் குளிச்சாலும் மணம் போகாது. கடைசியில சாமியறைக்கே போறதில்லை எண்டு விட்டிட்டன்." அதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். குலசிங்கம் அண்ணை சிரிக்கவில்லை.

நான் தாளை எடுத்தேன். "மாசம் எத்தினை சட்டை தைப்பியள் அக்கா?"

அக்கா கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஒரு அறுபது எண்டு போடுங்கோவன்" என்றார்.

"அறுபதோ?" குலசிங்கம் அண்ணை பதறினார். "உமக்கென்ன விசரே? தம்பி, அம்பது எண்டு போடும். கூடச் சொல்லி ஏன் வில்லங்கம்?"

எனக்கு ஐம்பதும் ஆபத்தாகத்தான் தெரிந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால்? மின்சாரம் போனால்? ஊசி முறிந்து, மாற்று ஊசி கப்பலில் வரத் தாமதித்தால்? நாற்பது என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்த நாற்பதும் கொஞ்சம் துணிச்சலாகவே பட்டது.

குலசிங்கம் அண்ணை, இங்கே டெய்ரி என்று சொல்கிற பக்கத்துச் சில்லறைக் கடைக்குச் சிகரெட் வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா கைப்பைக்குள்ளிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். மேலே மூன்று வரியை மட்டும் எனக்குக் காட்டி, மிச்சத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பண்ணைச் சாமான் விற்கிற பெரிய கடையொன்றின் கடிதம் அது. இதுவரை தொழிற்சாலையிடம் வாங்கிய கன்றுச் சட்டைகளையும் குதிரைச் சட்டைகளையும் இனி நேரே உங்களிடம் வாங்க விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"அக்கா! இது ஒண்டு போதுமே! இதைத்தானே வங்கி கேட்கும்!"

"உஷ்! சத்தம் போடாதேங்கோ. இவருக்கும் தெரியாது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால வச்சிருந்தனான். நீங்கள் இதை எழுதப்படாது."

"எழுதாட்டில் எப்பிடி?"

"எழுதினா நாவூறு பட்டிடும். என்ர அண்ணை கனடா விசா சரிவந்திட்டுது எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். எயார்போட்டில வச்சுத் திருப்பி அனுப்பினவங்கள். மெஷின் வீட்டுக்கு வரட்டும், ஒரு தேங்காய் உடைப்பம், பேந்து ஆருக்கெண்டாலும் சொல்லுவம். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். இதிலே மறைக்க ஒன்றுமில்லை, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அக்காவின் பக்கத்தில்தான் என் மனம் நின்றது. இங்கே நான் இரண்டு பிழை விட்டேன். ஒன்று, சத்தியம் பண்ணியது. மற்றது அதைவிடப் பெரிய பிழை. அந்தப் பெருவிரலை எடுங்கோ அக்கா என்று நான் சொல்லவில்லை. யாராவது உங்களிடம் ஒரு கடிதத்தைக் காட்டினால் கடைசி வரிவரை வாசிக்காமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். விரலை எடுக்கச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல.

பிறகு திட்டத்தை எழுதினேன். வாங்குபவர்கள் என்ற இடத்தில் "சிலர் விசாரித்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி. இடர்கள் என்ற இடத்தில் ஆறு பக்கம். மழை அதிகமாகப் பெய்தால், மழையே பெய்யாவிட்டால், படங்கின் விலை ஏறினால், மாட்டுக்கு நோய் வந்தால், மெஷின் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்தால், அக்காவின் மணிக்கட்டு வீங்கினால். எழுத எழுத எனக்கு மனம் லேசாகிக்கொண்டே வந்தது. கவலைப்படுகிற ஒருவனிடம் தட்டச்சு இயந்திரத்தையும் வேண்டிய அளவு தாளையும் கொடுத்துவிட்டு மூன்று நாள் தனியே விடக்கூடாது. புதன்கிழமை நானே கொண்டுபோய் வங்கியில் கொடுத்தேன். ஒரு மணி நேரம் முந்திப்போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்து, மூன்றுமுறை எழுத்துப்பிழை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

வியாழன் காலை முதலாளியம்மா வந்து மேற்சட்டையைக் கழற்ற முன்னரே தொலைபேசி அடித்தது. வங்கிக்காரர். முதலாளியம்மா கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீர் அனுப்பியது வணிகத் திட்டமா மரண அறிவித்தலா என்று கேட்கிறார்."

பிரதியை வாங்கி வாசித்தார். மணிக்கட்டு வீங்குகிற இடத்தில் சிரிக்கத் தொடங்கியவர் மாட்டு நோய் வந்தபோது மேசையில் தலையை வைத்துவிட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாற்பது சட்டை விற்றால் கடன் வட்டிகூட வராது. இது உமக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"இந்தப் பெண் ஒரு சட்டையாவது விற்பாவா?"

"விற்பா."

"யாருக்கு?"

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"நீர் எதையோ ஒளிக்கிறீர்."

"ஓம்."

"சொல்லும்."

"சத்தியம் பண்ணியிருக்கிறேன்."

நெற்றியில் அடித்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வங்கி ஒரு சின்ன வாசலைத் திறந்துதான் வைத்திருந்தது. வேறு யாராவது மெஷினுக்கான பாதி முதலைப் போட்டு, நம்பும்படி ஒரு திட்டமும் திங்கட்கிழமை வந்தால், படங்குக்கும் நூலுக்குமான மிச்சப் பாதியை யோசிக்கலாம். முதலாளியம்மா ரோயைக் கூப்பிட்டார். ரோய் எழுபது வயதான மாட்டுப் பண்ணைக்காரர். ஈஸ்ட் டாமாக்கியில் அவருடைய புல்வெளியைத் தொழிற்சாலைகள் வாங்கிக்கொண்டன. கை நிறையக் காசு, பங்குச் சந்தையில் நம்பிக்கை இல்லை, மாடுகளும் இல்லை. மாட்டோடு சம்பந்தப்பட்டது என்றதும், திட்டத்தை இன்றைக்கே அனுப்புங்கள், நாளைக்கே வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மனுரேவாவில் அக்கா வீட்டுக் கராஜில் கூடினோம். ரோய் பத்தரைக்கு வருவார் என்றதும் அக்காவின் முகம் கறுத்தது.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலமல்லோ தொடங்குது!"

"அது ஊர் நேரமப்பா," என்றார் குலசிங்கம் அண்ணை. "ஊரில இன்னும் விடியேல்லை. ராகுகாலத்துக்கு எவ்வளவு நேரம் கிடக்கு."

"ராகு என்ன ஊர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இஞ்ச வாறவர்?"

இதற்கு விடை காண முன்னரே ரோய் வந்து இறங்கிவிட்டார். முகவுரை ஒன்றுமில்லை. மாதிரிக்குத் தைத்து வைத்திருந்த கன்றுச் சட்டையைக் கையில் எடுத்தார். தையலை மடித்துப் பார்த்தார், பட்டியை முழுப்பலத்தோடு இழுத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு குலசிங்கம் அண்ணையிடம், "கொஞ்சம் குனிகிறீரா?" என்று கேட்டார்.

குலசிங்கம் அண்ணை மரியாதை தெரிந்த மனிதர். குனிந்தார். ரோய் அவர் முதுகில் சட்டையைப் போர்த்து, மார்புப் பட்டியை மாட்டி, வயிற்றுப் பட்டியை இறுக்கி, சுற்றிவந்து பார்த்தார். ஒருமுறை தட்டியும் கொடுத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளியம்மா மூலைக்குத் திரும்பி நின்று இருமினார்.

"நல்ல வேலை," என்றார் ரோய். "என்னிடம் மாடு இருந்த காலத்தில் இப்படி ஒன்று கிடைத்ததில்லை." பிறகு என் திட்டத்தைச் சட்டைப்பைக்குள்ளிருந்து உருவினார். "ஆனால் இதைப் படித்தேன். நாற்பது சட்டை. இந்தத் தொழிலுக்குள் என் நாயைக்கூட விடமாட்டேன். யார் வாங்கப்போகிறார்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார், சொல்லாதே என்றது அந்தக் கண். முதலாளியம்மா என்னைப் பார்த்தார், சொல்லித் தொலையும் என்றது அந்தக் கண். கடிதத்தைப் பற்றிச் சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அது அக்காவின் கடிதம். நான் சொல்லிப் பிறகு ஏதாவது பிழைத்தால், அக்கா வாழ்நாள் முழுக்க என் நாவைத்தான் குறை சொல்வார். சொல்லாவிட்டால் கோழிப் பக்டரி.

எனக்குச் சொந்தமான உண்மை எது என்று யோசித்தேன். ஒன்றுதான் இருந்தது.

"ஐயா, அந்த நாற்பது பொய்," என்றேன். "அது என் பொய். அவ அறுபது என்றா. இவர் ஐம்பது என்றார். நான் நாற்பது என்று எழுதினேன்."

ரோய் கண்ணாடியைக் கழற்றினார். "கூட்டிச் சொல்கிற பொய்யன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறைத்துச் சொல்கிற பொய்யனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஏன்?"

"பயம்."

"யாருக்கு?"

நாவூறு என்பதை இங்கிலீஷில் சொல்ல முயன்றேன். நல்லதைப் பற்றி வாய் சொன்னால், அந்த வாயே அதைத் தின்றுவிடும் என்று நாங்கள் நம்புகிறோம் ஐயா என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ரோய் சிரிக்கவில்லை.

"எங்கள் அப்பா," என்றார், "வெட்டிக் காயவைத்த புல் கொட்டிலுக்குள் போய்ச் சேரும்வரை, இந்த வருடம் புல் நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்களைச் சொல்ல விட்டதும் இல்லை. நான் ஒருமுறை சொன்னேன். அன்று பின்னேரமே மழை. அடியும் வாங்கினேன்." அக்காவின் பக்கம் திரும்பினார். "ஆனால் புல் வாங்க வந்தவன் எத்தனை கட்டு என்று கேட்டால் அப்பா சரியாகச் சொல்வார். அவனுக்கு மறைத்தால் அவன் அடுத்த பண்ணைக்குப் போவான். நான் புல் வாங்க வந்தவன் அம்மா. உங்கள் வாயால் கேட்டால்தான் காசு போடுவேன். பத்து நிமிடம் உங்கள் எலுமிச்சை மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

அவர் வெளியே போனார். நான் எல்லாவற்றையும் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நீங்கள் சத்தியத்தை மீறேல்லைத்தானே?"

"இல்லை அக்கா. கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"என்ன கடிதம்?" என்றார் குலசிங்கம் அண்ணை. நிமிர்ந்திருந்தாரே தவிர, கன்றுச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

அக்கா சொன்னார். அண்ணை அவர் பக்கம் திரும்பினார். "எனக்கே சொல்லேல்லையோ? கட்டின புருசனுக்கே!"

"உங்கட வாய் எனக்குத் தெரியாதே? பின்னேரம் பஜனைக்குப் போனா, தேவாரம் முடிய முன்னம் ஓக்லாந்து முழுக்கச் சொல்லிப் போடுவியள்!"

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"நாங்கள் வீடு வாங்கினதை ஆர் சொன்னது? அடுத்த கிழமை கூரை ஒழுகேல்லையே?"

"கூரை பழசப்பா!"

மணி பதினொன்று தாண்டிவிட்டது. முதலாளியம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டினார். நான் அக்காவின் முன்னால் போய் நின்றேன். "அக்கா, நாவூறு படுமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. எனக்கும் பயம்தான். ஆனா சொல்லாட்டில் பன்னிரண்டு மணிக்கு என்ன நடக்கும் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும்."

அக்கா உள்ளே போனார். வந்தபோது கையில் கடிதம் இருந்தது. தையல் மேசையில் அதைக் குப்புற வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ரோய் திரும்பி வந்திருந்தார். முதலாளியம்மா கடிதத்தை எடுத்து, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கீழே வந்ததும் அவர் முகம் மாறியது.

"சம்மதம் என்றால் மாதமுடிவுக்குள் பதில் எழுதவும் என்று இருக்கிறது. மாதம் முடிந்து ஒரு கிழமையாச்சு."

அக்காவின் பெருவிரலுக்குக் கீழே இருந்தது அந்த வரிதான். பதில் போட்டால் அதுவும் சொன்னமாதிரி ஆகிவிடுமே என்று அக்கா பதிலே போடவில்லை. நான் மொழிபெயர்த்தபோது அக்கா தையல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்வரை விளையாட்டாக இருந்த அந்தக் கராஜில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

"கோல் எடுங்கள்," என்றார் ரோய்.

குசினிச் சுவரில் தொலைபேசி. இலக்கத்தைச் சுழற்றினேன். அந்தக் கடையில் கொள்வனவு பார்க்கிறவர் எடுத்தார். அவருக்குப் பெயர் ஞாபகம் இருந்தது. "ஓ, அந்தப் பெண்ணா? பதில் வரவில்லை. விருப்பமில்லை என்று நினைத்தோம். குதிரைச் சட்டையை முந்தாநாள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்." அக்காவுக்குச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். "கன்றுச் சட்டை இன்னும் இருக்கிறது," என்றார் அவர். "மாதம் எத்தனை தரமுடியும்? இப்போதே சொல்லவேண்டும், மற்றவர் அதையும் கேட்கிறார்."

"மாசம் எத்தினை எண்டு கேட்கிறார் அக்கா," என்றேன். அக்கா வாயைக் கையால் மறைத்தார். என் காதில் இருந்த தொலைபேசி வாங்கியில் அந்த மனிதர் ஹலோ, ஹலோ என்றார். ஏதாவது சொல்லவேண்டும் என்று என் வாய் தானாகத் திறந்தது. உங்களிடம் ஒளிப்பானேன், அந்த நேரத்திலும் அதில் வந்தது, "ஃபோர்ட்டி—"

முடிக்கவில்லை. அக்கா எழுந்துவந்து வாங்கியைப் பறித்தார்.

"ஹலோ," என்றார். "எய்ட்டி. எவ்ரி மந்த், எய்ட்டி. ஐ மேக்."

குலசிங்கம் அண்ணை, "எண்பதோ!" என்று அலறினார்.

"பக்டரியில எண்பத்தைஞ்சு தைச்சனான்," என்றார் அக்கா எங்களிடம், வாங்கியைப் பொத்திக்கொண்டு. "ஆரும் கேட்கேல்லை."

கேட்டேன் அக்கா, நான் கேட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இதிலே வெற்றி என்று எதைச் சொல்வது? குதிரைச் சட்டை போய்விட்டது. பாதி வியாபாரம் என்பதால் ரோய் இரண்டு மெஷினுக்குக் காசு தரவில்லை, ஒன்றுக்குத்தான் காசோலை எழுதினார். அக்கா இரண்டு என்று கெஞ்சவுமில்லை. பேசாமல் இருந்ததால் போனது அது என்று அவருக்குத் தெரியும். நானும் என் பங்கைத் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமையே அந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசித்து, திங்கட்கிழமையே கோல் எடுத்திருந்தால் குதிரையும் கிடைத்திருக்கும். சத்தியத்தை மீறாமல் இருந்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். உங்களில் கெட்டிக்காரர் யாராவது வேறு விதமாகச் செய்திருப்பீர்கள். ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமில்லை. கடன் கொடுப்பவர் நம்புவது திட்டத்தை அல்ல. அதற்குப் பின்னால் இருக்கிற ஆள் தன் தொழிலின் உண்மையான அளவைத் தன் வாயால் சொல்கிறாரா என்பதைத்தான். கூட்டிச் சொல்வது பொய் என்றால் குறைத்துச் சொல்வதும் பொய். உங்களுக்கு முன்னால் இருக்கிறவர் எந்த நல்லதைச் சொல்லப் பயப்படுகிறார் என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததை நீங்கள் எழுதிவிடாதீர்கள், அவரைச் சொல்லவையுங்கள்.

முதலாளியம்மா காரை ஓட்டிய ஓட்டத்தில் பதினொன்று ஐம்பதுக்கு ஓட்டாஹூஹு போய்ச் சேர்ந்தோம். ஹமில்டன் வியாபாரியின் லொறி வாசலில் பின்பக்கம் திறந்தபடி நின்றது. ஒரு மெஷினுக்கு ரோயின் காசோலையைக் கொடுத்தோம். மற்றது எங்கள் கண்முன்னே லொறியில் ஏறியது.

பின்னேரம் அலுவலகத்தில் திட்டத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமை வங்கியில் கொடுக்க வேண்டும். தாளைச் செருகி நிமிர்ந்தால், வாசலில் அக்கா. குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்றி, கதிரையை இழுத்து, தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"ஏன் அக்கா? கையொப்பத்துக்குத் திங்கள் வந்தால் காணுமே?"

"கையொப்பம் வைக்க வரேல்லை. நீங்கள் என்ன அடிக்கிறியள் எண்டு பார்க்க வந்தனான்."

பெயரை அடித்தேன். முகவரியை அடித்தேன். மாத உற்பத்தி என்று அடித்தேன். விரல் அந்தரத்தில் நின்றது. எண்பது என்பதைக் கறுப்பு மையில் எழுதி, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கப்போகிறோம். எழுபத்தைந்து என்றாலும் பரவாயில்லையே, யாருக்கு நட்டம்?

அக்கா கழுத்தை நீட்டி விசைகளைப் பார்த்தார். அவருக்கும் பயம்தான். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எட்டு," என்றார். "பூச்சியம். அடியுங்கோ தம்பி. அடிக்குமட்டும் நான் எழும்பமாட்டன்."